உறைபனி முன்கணிப்பு (மலைத் தோட்டங்கள்)

கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரத்திலுள்ள கோவையில் உறைபனி விழுவதில்லை. மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறி, 2,240 மீட்டர் உயரத்து உதகையை எட்டினால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை அதுவே தோட்டக்காரரின் பெருங்கவலை. தலைக்குந்தா, காந்தல், அவலாஞ்சி போன்ற இடங்களில் கடுமை அதிகம். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஒரே ஊரில் மேட்டுக்காடு தப்பிக்க, பள்ளக்காடு கருகுவது இதனால்தான்.

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் உறைபனி எச்சரிக்கை விடுகிறது. ஆனால் அறிக்கையில் வரும் குறைந்தபட்ச வெப்பநிலையை அப்படியே நம்புவது ஆபத்து. அது தரைக்கு மேல் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில், காற்றோட்டமுள்ள நிழற்பெட்டிக்குள் அளக்கப்படுவது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் மண் தன் வெப்பத்தை வானுக்கு இழந்துவிடுவதால், தரைமட்டம் அதைவிடச் சில டிகிரி குளிர்ந்திருக்கும். ஆகவே 4 டிகிரி செல்சியஸ் என்ற முன்னறிவிப்பையே எச்சரிக்கையாகக் கொள்ளலாம். மழை ஓய்ந்தபின் காற்று வறண்டிருந்தால் ஐயமே வேண்டாம். மேகம் திரண்டால் கவலை குறையும்.

உருளைக்கிழங்குத் தழையும் தேயிலைக் கொழுந்தும் எளிதில் கருகும். கேரட், முட்டைக்கோஸ் ஓரளவு தாங்கும். நாற்றுகளைத் தாகை, கோத்தகிரி மிலார் போன்ற செடிகளால் மூடுவது நீலகிரி வழக்கம். ஈரமண் பகல் வெப்பத்தைக் கூடுதலாகச் சேமிப்பதால் முன்கூட்டிய பாசனமும் உதவும். மூடாக்கை வெயில் சாயும் முன்பே போட வேண்டும். மண் குளிர்ந்தபின் போட்டால் பயன் குறைவு.