கிராம சபை
கிராம சபை என்பது ஓர் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்ற அனைவரையும் உறுப்பினராகக் கொண்ட அமைப்பு. தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றத்திலிருந்து வேறுபட்ட இது, உள்ளூர் வளர்ச்சித் திட்டமிடலில் மக்கள் நேரடியாகப் பங்கேற்கும் அரங்கு. இந்திய அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் (1992) இதற்கு 243அ பிரிவின்கீழ் இடமளித்தது. தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் பொருந்தும்.

குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள் ஆகியவற்றுடன் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் தமிழ்நாட்டில் சபை கூடுகிறது. ஊராட்சித் தலைவர் தலைமை ஏற்பார். வரவு செலவுக் கணக்கு, தணிக்கை அறிக்கை, பயனாளிகள் பட்டியல், கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் ஆகியவை முன்வைக்கப்படும். குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, சாலை போன்ற கோரிக்கைகளை உறுப்பினர் எழுந்து பேசலாம், மனுவாகவும் தரலாம். ஆனால் பேச்சு தீர்மானப் புத்தகத்தில் ஏறினால்தான் அது ஆவணமாகும். கூட்டம் கலையும் முன் எழுதியதை வாசிக்கக் கேட்பது நடைமுறையில் முக்கியம்.

தீர்மானங்களின் வலிமை ஒரே சீரானதல்ல. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் குறித்து உச்ச நீதிமன்றத்தின் 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி கூடிய 12 சபைகளும் திட்டத்தை நிராகரித்தன, அனுமதி மறுக்கப்பட்டது. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து 2024 நவம்பரில் கிராம சபைத் தீர்மானம் நிறைவேறியது. பரவலான போராட்டங்களைத் தொடர்ந்து 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்தச் சுரங்கத்துக்கான ஏலத்தை ரத்து செய்தது.