வேலி உடைஞ்சா காசு யார் தருவாங்க?

2023-ல டெக்சாஸ் மாநிலம் ஒரு சட்டம் போட்டுச்சு. மெக்சிகோ எல்லைப் பக்கம் ஆள் கடத்துற வண்டியை போலீஸ் துரத்தும்போது அது பண்ணை வேலியை உடைச்சிட்டுப் போகும், மாடெல்லாம் ரோட்டுக்கு வந்துடும். இந்த மாதிரி சேதத்துக்கு விவசாய நிலம் வெச்சிருக்கறவங்களுக்கு மாநிலமே 75,000 டாலர் வரைக்கும் தரலாம். ஒரு நிபந்தனை, எல்லைக் குற்றத்தாலதான் நடந்ததுன்னு போலீஸ் எழுத்துல பதிவு பண்ணியிருக்கணும்.

புதுசா தெரியுதுல்ல? அப்பவே இந்தப் பிரச்சினைக்கு 175 வயசு.

1848-ல அமெரிக்க-மெக்சிகோ போர் முடிஞ்சு குவாடலூப் இடால்கோ ஒப்பந்தம் வருது. அதோட 11-ஆவது பிரிவுல அமெரிக்கா ஒரு பெரிய வாக்குக் கொடுத்துச்சு: எங்க பக்கத்துல இருந்து கொமாஞ்சி, அப்பாச்சி மக்கள் உங்க ஊருக்குள்ள வந்து தாக்காம நாங்க தடுப்போம். (அந்த மக்களை யாருமே கேட்கலை, அது தனி எபிசோட்.) தாக்குதல் நிக்கலை. சொனோரா, சிவாவா பண்ணைகள்ல இருந்து குதிரையும் மாடும் போய்க்கிட்டே இருந்துச்சு.

1853-ல காட்ஸ்டன் ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. அமெரிக்கா நிலம் வாங்குச்சு, அதே பேப்பர்ல 11-ஆவது பிரிவையும் ரத்து பண்ண வெச்சுது. கடைசியில பேசி முடிச்ச விலை 1 கோடி டாலர், மெக்சிகோ அரசுக்கு. அப்புறம் 1868 ஒப்பந்தப்படி அமைஞ்ச இழப்பீட்டு ஆணையத்துக்கு மெக்சிகோ பண்ணைக்காரங்க கணக்கோட போனாங்க. பதில்: உங்க அரசுதான் எங்களை 1853-லயே விடுவிச்சிடுச்சே! மாட்டை இழந்தது ஒருத்தர், கையெழுத்துப் போட்டது இன்னொருத்தர். எனக்கு இதுதான் ரொம்ப உறுத்துது.

1872-ல காட்சி தலைகீழ். இப்போ டெக்சாஸ் பண்ணைக்காரங்க, மெக்சிகோ திருடங்க மாட்டை ஓட்டிட்டுப் போறாங்கன்னு புகார். அமெரிக்க நாடாளுமன்றம் அனுப்பின குழு முன்னாடி வந்த கோரிக்கைகளோட மொத்தம் கிட்டத்தட்ட 2.8 கோடி டாலர். மெக்சிகோவும் அதே வருஷம் சொந்தமா ஒரு விசாரணைக் குழு போட்டுச்சு. அவங்க அறிக்கை, அந்தக் கணக்கு ஊதிப் பெருசாக்கினது, எங்க குதிரையைத் திருடி டெக்சாஸ்ல விக்கிறாங்களே அதுக்கு என்ன பதில்னு கேட்டுச்சு.

லாக் இல்லாத பக் மாதிரி, அவங்கவங்க சொல்றதுதான் சாட்சி.

2023 சட்டத்துல போலீஸ் அறிக்கை கேட்கறது அதனாலதான் எனக்குப் புரியுது. ஆனா ராத்திரி யாரோ வேலியை வெட்டிட்டு நடந்தே போயிட்டாங்க, துரத்தலும் இல்ல, போலீஸும் இல்லன்னா? காலையில பண்ணைக்காரர் கையில இருக்கறது அறுந்த கம்பி மட்டும்தான்.