பாதம் கழுவுதல் (கிறிஸ்தவம்)

பாதம் கழுவுதல் என்பது இயேசு தம் சீடர்களிடம் காட்டிய தாழ்மையை நினைவுகூரும் கிறிஸ்தவச் சடங்கு. கத்தோலிக்கத் திருச்சபையிலும் வேறு பல சபைகளிலும் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் மாலையில் நடைபெறுகிறது.

இதற்கு அடிப்படை யோவான் நற்செய்தியின் 13-ஆம் அதிகாரம். மற்ற மூன்று நற்செய்திகளும் இறுதி இராவுணவில் அப்பமும் இரசமும் பகிரப்பட்டதைச் சொல்ல, யோவான் பாதங்கள் கழுவப்பட்டதைச் சொல்கிறார். இயேசு பந்தியிலிருந்து எழுந்து, மேலாடையைக் கழற்றி வைத்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவித் துடைக்கிறார். புழுதியில் நடந்து வந்தவர்களின் கால்களைக் கழுவுவது அக்காலத்தில் அடிமைகளின் வேலை. பேதுரு மறுக்கிறார், கழுவ விடாவிட்டால் தம்மோடு அவருக்குப் பங்கில்லை என்று இயேசு சொன்ன பிறகே இணங்குகிறார். பணிவிடையை ஏற்றுக்கொள்ளவும் தாழ்மை தேவைப்படுகிறது. காட்டிக்கொடுக்கவிருந்த யூதாஸ் வெளியேறுவது இதற்குப் பிறகுதான். அவன் கால்களும் கழுவப்பட்டன என்பதே இந்த நிகழ்ச்சியில் மனத்துக்கு மிகக் கடினமான பகுதி.

தாம் ஆண்டவரும் போதகரும் என்பதை இயேசு அப்போதும் மறுக்கவில்லை. ஆகவே கிறிஸ்தவத் தாழ்மையைத் தன்னையே இகழ்ந்துகொள்வதாகவோ வலியவருக்கு அஞ்சி ஒடுங்குவதாகவோ கொள்வது பிழை. எளியவர்களுக்கு மட்டும் பணிவைப் போதிக்க இந்த அதிகாரத்தை எடுத்தாள்வது அதைத் தலைகீழாக்குவதாகும். இங்கே குனிபவர் தலைவர்.

6-ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய துறவற ஒழுங்கு இதைச் சரியாகவே புரிந்துகொண்டது: விருந்தினரின் பாதங்களை மடத்துத் தலைவரும் துறவிகளும் சேர்ந்து கழுவ வேண்டும் என்றது. இங்கிலாந்தின் அரசர்களும் ஒரு காலத்தில் ஏழைகளின் கால்களைக் கழுவினர்; அந்த வழக்கம் நின்றுபோய், இன்று அரச குடும்பத்தில் காசு வழங்கும் சடங்கு மட்டும் எஞ்சியிருக்கிறது.

திருத்தந்தை 12-ஆம் பயஸ் 1955-இல் செய்த சீர்திருத்தத்தால் பாதம் கழுவுதல் பெரிய வியாழன் மாலைத் திருப்பலிக்குள் இடம்பெறலாயிற்று. திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் உரோமையின் இளம் குற்றவாளிகள் சிறையில் 12 பேரின் கால்களைக் கழுவினார். அவர்களில் பெண்களும் இஸ்லாமியரும் இருந்தனர். அப்போது சடங்கு விதி ஆண்களை மட்டுமே குறிப்பிட்டிருந்தது. 2016 ஜனவரியில் விதி திருத்தப்பட்டுப் பெண்களும் சேர்க்கப்பட்டனர்.

ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையில் இதற்கெனத் தனி நாள் இல்லை. அங்கே ஒவ்வொரு திருவிருந்துக்கும் முன்பு விசுவாசிகள் இருவர் இருவராக அமர்ந்து ஒருவர் காலை மற்றவர் கழுவுகின்றனர்.