பன்றிகளைத் தாக்கும் ரத்தக் கழிச்சல் நோய்: அறிகுறிகளும் தடுப்பு முறைகளும்

பன்றிகளின் பெருங்குடலைத் தாக்கி, ரத்தமும் சளியும் கலந்த கழிச்சலை உண்டாக்கும் பாக்டீரியா நோய் 'பன்றி ரத்தக் கழிச்சல்' எனப்படுகிறது. உரிய சிகிச்சை அளிக்காவிட்டால், பாதிக்கப்படும் பன்றிகளில் 30 சதவீதம் வரை இறக்க நேரிடலாம். பிழைத்த பன்றிகளும் வெளித்தோற்றத்தில் நலமாக இருந்தவாறே மற்றவற்றுக்கு நோயைப் பரப்பக்கூடும் என்பதே இந்நோயின் பெரிய சிக்கல்.

50 ஆண்டுத் தேடல்

அமெரிக்காவில் 1921-இல் இந்நோய் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. எனினும், அதற்குக் காரணமான கிருமி 1970-களின் தொடக்கத்தில்தான் உறுதி செய்யப்பட்டது. சுருள் வடிவம் கொண்ட அந்த பாக்டீரியா தற்போது 'பிராக்கிஸ்பைரா ஹையோடிசென்டீரியே' என்று அழைக்கப்படுகிறது.

தீவனம் அல்லது தரையில் உள்ள கழிவு வழியாக உடலுக்குள் செல்லும் இக்கிருமி, பெருங்குடலின் சளிப் படலத்தைத் துளைத்து உட்சுவரைச் சிதைக்கிறது. சிறுகுடல் பாதிக்கப்படுவதில்லை. நீரை உறிஞ்சும் திறனைப் பெருங்குடல் இழப்பதால், உடலில் நீரும் உப்புகளும் குறைந்து பன்றி இறக்கிறது.

அறிகுறிகள்

பால்குடி மறந்து வளரும் பருவத்தில் உள்ள பன்றிகளே அதிகம் பாதிக்கப்படுகின்றன. கிருமி தொற்றிய 10 முதல் 14 நாள்களில் பெரும்பாலும் அறிகுறிகள் தென்படும். முதலில் மஞ்சள் அல்லது சாம்பல் நிறத்தில் இளகிய கழிச்சலும், பின்னர் ரத்தமும் சளியும் கலந்த கழிச்சலும் ஏற்படும். வயிறு ஒட்டி, எடை குறையும். தீவனம் உண்டும் எடை கூடாததால், இறப்பு குறைவாக இருந்தாலும் பண்ணையாளருக்கு இழப்பு ஏற்படுகிறது.

ரத்தக் கழிச்சல் அனைத்தும் இந்நோய் அல்ல. சால்மோனெல்லா தொற்று, சாட்டைப் புழுக்கள் ஆகியவற்றாலும் இத்தகைய கழிச்சல் உண்டாகலாம். இந்தியாவில் 2020-இல் கண்டறியப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலிலும் ரத்தக் கழிச்சல் காணப்படும். அது தீநுண்மியால் வருவது. அதற்குச் சிகிச்சை இல்லை. எனவே, ஆய்வகப் பரிசோதனை அவசியம்.

மைசூரு வட்டாரப் பண்ணையாளர்கள் உள்ளூர் கால்நடை மருத்துவமனை மூலம் மாதிரிகளை அனுப்பலாம். பெங்களூரு ஹெப்பாளில் உள்ள கால்நடை நலம் மற்றும் உயிரியல் பொருள்கள் நிறுவனம் நோயறியும் பணியை மேற்கொள்கிறது. கழிவு மாதிரியை உறைய விடாமல், குளிர்ந்த நிலையில் விரைவாக அனுப்ப வேண்டும்.

எவ்வாறு பரவுகிறது?

புதிதாக வாங்கிவரும் பன்றிகளே நோய் நுழைவதற்கான முக்கிய வழி. எலிகள், ஈக்கள், காலணிகள், வாகனங்கள் மூலமாகவும் கிருமி பரவும். சுண்டெலியின் உடலில் இது 6 மாதங்கள் வரை தங்கியிருந்தது ஆய்வில் தெரியவந்துள்ளது. ஈரமான கழிவில் 10 டிகிரி செல்சியஸுக்குக் குறைவான குளிரில் 48 நாள்களும், 25 டிகிரியில் 7 நாள்களும் உயிர்வாழும் கிருமி, 37 டிகிரியில் ஒரு நாளுக்குள் அழிந்துவிடுகிறது. உலர்ந்த தரை இதற்குப் பகை.

சிகிச்சையில் எச்சரிக்கை

டியாமுலின், வால்னெமுலின், லின்கோமைசின் ஆகிய மருந்துகள் சிகிச்சைக்குப் பயன்படுகின்றன. டைலோசின் மருந்துக்கு இக்கிருமி பல நாடுகளில் எதிர்ப்புத் திறன் பெற்றுவிட்டது. கால்நடை மருத்துவரின் பரிந்துரையின்றி மருந்து கொடுப்பது எதிர்ப்புத் திறனை மேலும் வளர்க்கும். மோனென்சின், சலினோமைசின் கலந்த தீவனம் உண்ணும் பன்றிகளுக்கு டியாமுலின் அளித்தால் உயிரிழப்பும் நேரலாம். மருந்து நிறுத்தப்பட்ட பின், குறிப்பிட்ட நாள்கள் கடந்த பிறகே பன்றிகளை இறைச்சிக்கு அனுப்ப வேண்டும்.

தடுப்பு முறைகள்

பரவலான பயன்பாட்டில் தடுப்பூசி இல்லாததால் தூய்மையே முதன்மையான பாதுகாப்பு. புதிய பன்றிகளைத் தனிக் கொட்டிலில் வைத்துக் கண்காணித்தல், ஒரு தொகுதியை முழுமையாக அகற்றிக் கொட்டிலைக் கழுவி, கிருமிநாசினி தெளித்து, உலரவிட்ட பிறகே அடுத்த தொகுதியை விடுதல், எலிகளைக் கட்டுப்படுத்துதல் ஆகியவை பயன் தரும்.

இந்நோய் மனிதர்களுக்குப் பரவுவதாகக் கருதப்படுவதில்லை. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் சுமார் 90.6 லட்சம் பன்றிகள் உள்ளன. கழிச்சலில் ரத்தம் தென்பட்டால், பன்றிகளை விற்கவோ இடம் மாற்றவோ செய்யாமல், நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான 1962 என்ற கட்டணமில்லா எண்ணைத் தொடர்பு கொள்ளலாம்.