பட்டியலில் இல்லாத கைதிகள்: 1945இல் சயாம் இரயில்பாதைத் தமிழர்

போர் முடியும் தறுவாயில் சிறைப்பட்டோர் நிலை என்னவாகிறது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

தோற்கும் தரப்பின் கையில் அகப்பட்டோர்க்கு இறுதி மாதங்களே மிகக் கொடியவை. சபாவின் சண்டாக்கான் முகாமில் ஆஸ்திரேலிய, பிரித்தானியப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 2,400 பேர் இருந்தனர். 1945இல் அவர்களுள் பலர் காட்டுவழியே ரானாவ் நோக்கி நடத்திச் செல்லப்பட்டு மாண்டனர். முகாமில் விடப்பட்டோரும் மாண்டனர். தப்பியோடிய அறுவர் மட்டுமே பிழைத்தனர்.

தமிழரோடு நேரடித் தொடர்புடையது சயாம்-பர்மா இரயில்பாதை. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையை ஜப்பானியர் 1942இன் நடுப்பகுதியில் தொடங்கி, 1943 அக்டோபரில் முடித்தனர். அங்கு 60,000க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் உழைத்தனர்; அவர்களுள் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர் 1,80,000க்கும் மேல் என்பது மதிப்பீடு. அவர்களுள் மலாயாத் தோட்டத் தமிழர் பெருந்தொகையினர். இறந்த தொழிலாளர் ஏறத்தாழ 90,000 என்பதும் மதிப்பீடே. போர்க்கைதிகளுக்குப் படைப்பிரிவும் அதிகாரிகளும் மருத்துவர்களும் பெயர்ப்பட்டியலும் இருந்தன. தொழிலாளருக்கு இவை பெரும்பாலும் இல்லை. ஆகவே அவர்களை எண்ணிச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று.

பாதை முடிந்த பின்பும் பலர் வீடு திரும்பவில்லை. பழுதுபார்க்கும் பணிக்கெனப் பலரை அங்கேயே நிறுத்தினர். பாலங்களின்மீது நேசநாட்டு வானூர்திகள் குண்டு வீசியபோது, அருகிருந்த கைதிகளும் தொழிலாளரும் பலியாயினர்.

1945 ஆகஸ்டு 15இல் ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது. செப்டம்பர் 3இல் பிரித்தானியப் படையினர் பினாங்கில் கரையிறங்கினர். சயாம் முகாம்களிலிருந்த போர்க்கைதிகளுக்கு வானூர்திகள் உணவும் மருந்தும் இறக்கின. அவர்களை மீட்கவென்றே தனி அமைப்பும் இருந்தது. பெரும்பாலோர் அவ்வாண்டு முடியுமுன் சயாமை விட்டனர். தமிழ்த் தொழிலாளரோ பின்னுக்குத் தள்ளப்பட்டனர். 1946இலும் அவர்கள் திரும்பிக்கொண்டிருந்தனர். காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசையாகப் பேணப்படுகின்றன. தொழிலாளரைப் புதைத்த இடங்களுள் பெரும்பாலானவற்றுக்கு அடையாளக் கல்லே இல்லை.

இவ்வேறுபாட்டுக்கு அடிப்படை ஒரு சொல். ‘போர்க்கைதி’ என்பது சட்டம் வரையறுத்த பெயர். பெரும்பாலும் ஆயுதப்படையினர்க்கே அது உரியது. தோட்டத்தொழிலாளரை ஜப்பானியர் ‘ரோமுஷா’ என்றனர். அதன் பொருள் உழைப்பாளி என்பதே. 1951ஆம் ஆண்டுச் சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கையின் 16ஆம் பிரிவு, முன்னாள் போர்க்கைதிகளுக்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் செஞ்சிலுவைக் குழுவின் வழியாக இழப்பீடு வழங்க வகைசெய்தது. அப்பிரிவில் உழைப்பாளிக்கு இடமில்லை.

ஆனால் நம் மக்கள் வழக்கு வேறு சான்று தருகிறது. தோட்டத்து முதியோர், ‘சயாமுக்கு வேலைக்குப் போனார்’ என்பதைவிட, ‘சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள்’ என்றே பெரிதும் சொல்வர். ‘பிடி’ என்னும் வினை, சிறைபிடித்தலுக்கும் உரியது. கூலியும் அரிசியும் காட்டி ஆசைகாட்டப்பட்டோரும் இருந்தனர்; வலிந்து ஏற்றப்பட்டோரும் இருந்தனர். எனினும் முகாமுக்குள் சென்றபின் திரும்பும் உரிமை எவர்க்கும் இல்லை. உரிமையிழந்த அந்நிலையை ஆவணம் உழைப்பு என்று எழுதியது. மக்கள் மொழி சிறை என்று அறிந்திருந்தது. நாம் மக்கள் மொழியையே மெய்யெனக் கொள்கிறோம்.

சயாமிலிருந்து மீண்டோர் இன்று மிகச் சிலரே. அவர்தம் பிள்ளைகளும் முதுமை எய்திவிட்டனர். ஆதலால் ஆசிரியர்களிடம் ஒன்று வேண்டுகிறோம். மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியோரிடம் மூன்று செய்திகளைக் கேட்டு எழுதி வரட்டும்: சென்றவர் பெயர் யாது, எத்தோட்டத்திலிருந்து சென்றார், திரும்பினாரா. எழுதப்படாத அப்பட்டியலை இனி நாமே எழுதவேண்டும்.