திரு இருதயக் குருத்துவக் கல்லூரி, பூந்தமல்லி

சென்னைக்கு மேற்கே பூந்தமல்லியில், கத்தோலிக்கக் குருக்களாகப் போகும் மாணவர்கள் மெய்யியலும் விவிலியமும் இறையியலும் பயிலும் உயர் குருமடம். சென்னைப் பேராயர் லூயிஸ் மத்தியாஸ் காலத்தில், 1936இல் தொடங்கப்பட்டது. அவர் சலேசிய சபையைச் சேர்ந்தவர். தொடக்கத்தில் அச்சபையினரே இங்கு பொறுப்பேற்றிருந்தனர்.

திருச்சபைச் சட்டப்படி மெய்யியலுக்கு 2 ஆண்டு, இறையியலுக்கு 4 ஆண்டு ஒதுக்கவேண்டும். திருத்தொண்டர் பட்டத்துக்கும் குருப்பட்டத்துக்கும் இடையே குறைந்தது 6 மாத இடைவெளி தேவை. நம்பிக்கைக் கோட்பாடு, அறநெறி, திருச்சபை வரலாறு, திருவழிபாடு, மறையுரைப் பயிற்சி ஆகியவை பாடங்கள்.

இவற்றுக்கெல்லாம் உயிர் விவிலியக் கல்வியே. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965இல் மறைநூலை இறையியலின் ஆன்மா என்றது. மூலமொழிச் சொல்லைத் தமிழ்ச் சொல்லோடு ஒப்பிடுவது இக்கல்வியின் அடிப்படை. யோவான் நற்செய்தியின் முதல் வரியில் வரும் ‘லோகோஸ்’ என்ற கிரேக்கச் சொல், சீர்திருத்தச் சபைகளின் பழைய பதிப்பில் ‘வார்த்தை’. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் ‘வாக்கு’. தமிழில் வாக்கு பேச்சையும் குறிக்கும், கொடுத்த உறுதியையும் குறிக்கும். பீடத்தில் தமிழில் மறையுரையாற்றப் போகும் மாணவருக்கு இவ்வேறுபாடு மிக முக்கியமானது.