சிறுநீரக மாற்றும் தொற்றும்: பாஸ்டன் முதல் வேலூர் வரை

1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசப் மர்ரி குழுவினர் செய்த சிறுநீரக மாற்று அறுவையில் கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் உருவான இரட்டையர். பெற்றவரின் உடல் புதிய சிறுநீரகத்தை அயலானதாகக் கருதவில்லை. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தும் வேண்டியிருக்கவில்லை. அந்த வாய்ப்பு இல்லாத நோயாளிகளுக்கு 1958 முதல் முழு உடலுக்கும் கதிர்வீச்சு தந்து பார்த்தார்கள். பாஸ்டனில் அவ்வாறு சிகிச்சை பெற்ற 12 பேரில் நெடுநாள் வாழ்ந்தவர் ஒருவரே. ஒட்டு நிராகரிப்பைத் தடுக்க அழித்த அதே வெள்ளணுக்கள்தாம் கிருமிகளையும் தடுத்துக்கொண்டிருந்தன. பின்வந்த அறுபது ஆண்டுகளின் தொற்று வரலாறு பெரும்பாலும் இந்த முரணிலிருந்து கிளைத்ததே.

1960களின் தொடக்கத்தில் அசதயோபிரினும் ஸ்டீராய்டான பிரெட்னிசோனும் சேர்ந்த சிகிச்சை வந்தது. டென்வரில் தாமஸ் ஸ்டார்சல் இக்கூட்டின் வலிமையை நிறுவினார். அதே டென்வரிலிருந்து 1964இல் வெளியான ஆய்வொன்று இறந்த நோயாளிகளின் நுரையீரல்களில் நியூமோசிஸ்டிஸ், சைட்டோமெகலோ வைரஸ், பூஞ்சைகள் ஆகியவற்றைக் காட்டியது. நலமான உடலில் பொதுவாக வாலாட்டாத கிருமிகள் இவை.

இக்கட்டத்தில் பெல்ஃபாஸ்டின் மேரி மெக்யோன் பெறவேண்டிய இடத்தை வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு தரவில்லை என்பது என் கருத்து. பிற மையங்கள் ஸ்டீராய்டை அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, 1968இல் தொடங்கிய அவருடைய மையம் நாளுக்கு 20 மில்லிகிராம் பிரெட்னிசோலோனோடு நிறுத்திக்கொண்டது. முதல் நூறு மாற்றுகளின் முடிவுகள் 1977இல் வெளியானபோது, குறைந்த அளவிலேயே சிறுநீரகம் நிலைப்பதும் நோயாளி பிழைப்பதும் தெளிவாயின. தொற்றைக் குறைக்கப் புதிய ஆன்டிபயாட்டிக்கைத் தேடும் முன் ஸ்டீராய்டின் அளவைப் பார்க்கவேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று தேவையில்லை.

1981இல் பாஸ்டனின் ராபர்ட் ரூபினும் சகாக்களும் தொற்றுகளைக் காலவரிசையில் அடுக்கினர். முதல் மாதத்தில் அறுவைக் காயம், சிறுநீர்க்குழாய், நுரையீரல் ஆகியவற்றின் வழக்கமான பாக்டீரியாத் தொற்றுகள். ஆறாம் மாதம் வரை சைட்டோமெகலோ வைரஸும் நியூமோசிஸ்டிஸும். பிறகு பெரும்பாலோருக்கு ஊரில் மற்றவர்களுக்கு வரும் தொற்றுகளே. எதிர்ப்பாற்றலை அடக்கும் சைக்ளோஸ்போரின் 1983இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. கோட்ரைமாக்சசோல் நியூமோசிஸ்டிஸை ஏறக்குறைய ஒழித்தது. கான்சைக்ளோவிர் சைட்டோமெகலோவின் கடுமையைத் தணித்தது. ஆனால் டாக்ரோலிமஸ், மைகோஃபினோலேட் என அடக்கும் மருந்துகள் வலுத்தபோது, 1971இல் லண்டனில் ஒரு நோயாளியின் சிறுநீரில் கண்டறியப்பட்டு ஏறத்தாழ மறக்கப்பட்டிருந்த பிகே வைரஸ் 1990களில் ஒட்டிய சிறுநீரகத்தையே அரிக்கத் தொடங்கியது. அதற்கு இன்றும் முதல் சிகிச்சை எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் குறைப்பதுதான்.

ரூபினின் அட்டவணை வேலூரில் அப்படியே பொருந்தவில்லை. அட்டவணை தவறு என்பதல்ல, ஊர் வேறு. கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1971இல் மாற்று அறுவை தொடங்கியபோதே, பல நோயாளிகளின் உடலில் காசநோய்க் கிருமி ஆண்டுக்கணக்கில் உறங்கிக்கொண்டிருந்தது. அக்கல்லூரியின் ஜார்ஜ் டி. ஜான் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், சிறுநீரகம் பெற்றவர்களில் பத்தில் ஒருவருக்கும் மேல் காசநோய் கண்டது தெரிந்தது. மேலை நாடுகளில் இது பெரும்பாலும் நூற்றில் ஒன்றிரண்டு பேரோடு நின்றுவிடும். நீரிழிவும் நாட்பட்ட கல்லீரல் நோயும் ஆபத்தைக் கூட்டின. சைக்ளோஸ்போரின் எடுத்தோரிடம் நோய் முன்கூட்டியே தலைகாட்டியது.

சிகிச்சையோ இன்னும் சிக்கலானது. ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளைத் தூண்டி சைக்ளோஸ்போரினை விரைவாகச் சிதைக்கும். இரத்தத்தில் அதன் அளவு சரிந்தால் நிராகரிப்பு வரும். சைக்ளோஸ்போரின் அளவைப் பல மடங்கு உயர்த்தினால் சமாளிக்கலாம், ஆனால் கைக்காசு போட்டு மருந்து வாங்கும் குடும்பத்துக்கு அது எட்டாத செலவு. இந்திய மருத்துவர்கள் ஆஃப்லோக்சசின் போன்றவற்றைச் சேர்த்து, ரிஃபாம்பிசின் இல்லாத கூட்டுகளை நாடியது மருந்தியல் காரணத்தால் மட்டுமல்ல, விலையாலும்தான்.

முன்தடுப்பாக ஐசோனியாசிட் தரலாமா என்பதை வேலூர்க் குழு 1994இல் போலி மருந்தோடு ஒப்பிட்டு வெளியிட்டது. டயாலிசிஸ் காலத்திலேயே ஹெபடைடிஸ் பி, சி தொற்றியவர்கள் மலிந்திருந்த சூழலில் அந்த மருந்து கல்லீரலுக்குத் தரும் சுமையைப் புறந்தள்ள முடியவில்லை. காசநோய் அரிதான நாட்டில், தோல் சோதனையில் நேர்மறை வந்தவருக்கு ஒன்பது மாத ஐசோனியாசிட் எளிய முடிவு. இங்கே அந்தச் சோதனையே குழப்பும்: சிறுநீரகம் செயலிழந்தவரின் தோல், உள்ளே கிருமி இருந்தாலும் பெரும்பாலும் தடிப்பதில்லை.